பொட்டு வைத்த உள்ளான்

சீனன்குடாவுக்கு அப்பால், அவசரத்துக்கென்று போட்ட சின்ன ஓடுபாதை ஒன்று இருந்தது. யுத்தம் தொடங்கி ஐந்தாம் வருஷம், வைகாசி மாதத்தில் ஒருநாள், அதிலிருந்து எழும்பிய விமானம் ஒன்று பனை உயரம் போவதற்குள் இருமி இருமித் திரும்பி வந்தது. மூக்குக்குக் கீழே காற்று இழுக்கும் துவாரத்தில் இரண்டு உள்ளான் குருவிகள் சிக்கியிருந்தன. உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. அது அவ்வளவு பெரிய இரும்பைத் திருப்பி அனுப்பிவிட்டது என்பது கூலிக்காரர் மத்தியில் மூன்று நாளைக்குக் கதையாக ஓடியது.

நாலாம் நாள் காலை, பீப்பா உருட்டிக்கொண்டிருந்த கோணாமலையைக் கங்காணி கூப்பிட்டான்.

"உனக்குக் குருவி பிடிக்கத் தெரியுமோ?"

"மீன் பிடிக்கத்தான் தெரியும்."

"எல்லாம் வலைதானே. போ, துரை ஒருத்தர் ஆள் கேட்கிறார்."

கோணாமலைக்கு வயது நாற்பத்திரண்டு; முதுகைக் கேட்டால் அறுபது சொல்லும். சல்லி என்ற கடற்கரை ஊரில் கடல் தொழில் செய்தவன். யுத்தம் வந்து கடலில் பாதியை மறித்த பிறகு கூலிக்கு வந்தான். முதல் ஆறு மாதம், புதிதாகப் போட்ட இந்த ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் பரப்புவதற்குக் கடற்கரையிலிருந்து சிப்பிச்சரளை சுமந்தான். பிறகு பீப்பா. அரிசிக் கூப்பன் கொடுக்கிற கந்தோரில் எல்லாருக்கும் முன்னால் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, நாற்பது வயதில் எழுத்துப் படித்தான். இலக்கம் கெதியாக வரும். எழுத்து ஆறுதலாக, மெல்லத்தான் வரும்.

துரைக்கு ஹெஸ்லப் என்று பெயர். ஒல்லியான, மூக்கு உரிந்த வாலிபன். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். அங்கே குருவிகளின் காலில் வளையம் போட்டு விடுவதுதான் அவனுடைய விருப்பத் தொழிலாம். இந்தக் குருவிகள் எங்கேயிருந்து ஓடுபாதைக்கு வருகின்றன என்று ஐந்து நாளில் கண்டுபிடித்துச் சொல்லும்படி மேலிடத்தில் உத்தரவு. ஐந்து நாளுக்குள் இரண்டு பேருக்கு அந்த வேலையைப் பழக்கியும் விட வேண்டும். கோணாமலை ஒருவன். மற்றவர் கிண்ணியா ஊர் ஸைனுலாப்தீன், தோணிக்காரர். துரையின் இங்கிலீசைத் தமிழாக்கவும் கொப்பியில் எழுதவும் கிளாக்கர் கனகரத்தினம் ஒரு மடக்குக் கதிரையோடு வந்திருந்தார்.

முதல்நாள் விடிய முன்னமே ஓடுபாதையின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு மெல்லிய நூல்வலை கட்டினார்கள். வெளிக்கும்போது இருபத்துமூன்று குருவி விழுந்திருந்தது. ஸைனுலாப்தீன் ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துத் துணிப்பைக்குள் விட்டார். துரை ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினான். முதுகு உள்ளங்கையில், கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், கால் இரண்டும் வெளியில்.

"இறுக்காத," என்றார் கனகரத்தினம். "செத்தா நீதான் பொறுப்பெண்டு துரை சொல்றார்."

"அவர் அப்பிடிச் சொன்னவரோ, ஐயா?"

"சொல்லாட்டியும் கருத்து அதுதான்."

பீப்பா உருட்டிக் காய்த்த கைக்கு முதலில் குருவி இருப்பதே தெரியவில்லை. வெறும் கையைத்தான் பொத்தி வைத்திருக்கிறேனோ என்று கோணாமலை குனிந்து பார்த்தான். பிறகு பெருவிரல் அடியில் ஏதோ துடித்தது. நெஞ்சு. இவ்வளவு வேகமாக ஒன்று அடித்துக்கொள்ள முடியுமா என்று அவன் எண்ணிப் பார்க்கத் தொடங்கினான். பத்துக்கு மேல் பிடிபடவில்லை. அவன் தன் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் உயிரைக் கையால் பிடித்தவன். திரும்ப விடுவதற்காக ஒன்றைப் பிடித்தது இதுதான் முதல்.

வளையம் என்பது உடைந்த விமானத்தின் தகட்டில் வெட்டிய சின்னத் துண்டு. அதில் இலக்கம் அடித்திருந்தது. காலைச் சுற்றி வைத்துக் குறட்டால் மெல்ல நெரிக்க வேண்டும். சுழல வேண்டும், கழலக் கூடாது. துரை ஒன்றாம் இலக்கத்தை ஒரு குருவியின் இடது காலில் போட்டு விட்டு, அடுத்ததைக் கையில் எடுக்கும்போது முகாமிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. துரை கிளாக்கரிடம் இரண்டு வசனம் சொல்லிவிட்டு ஓடினான்.

"இண்டைக்கு எல்லாத்துக்கும் இடது கால்," என்றார் கனகரத்தினம், கதிரையை வாகை மர நிழலுக்கு இழுத்துக்கொண்டு. "போட்டுப் போட்டு இலக்கத்தைச் சொல்லு, எழுதுறன்."

"எல்லாத்துக்கும் இடதோ, ஐயா? ஏன்?"

"அது யுத்த ரகசியம்."

கோணாமலை அடுத்த குருவியை எடுத்தான். இதற்கு நெற்றியில் கறுப்பாக ஒரு தீற்று இருந்தது. அதற்கடுத்ததற்கு இல்லை, நெற்றி வெறுமையாக, மங்கல் நிறமாக இருந்தது. இரண்டையும் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, ஸைனுலாப்தீனைக் காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டான்.

"காக்கா, இதைப் பாருங்கோ. இது பொட்டு வைச்சிருக்கு. இது பெண். இது ஆண்."

"எங்கட பொம்புளயள் பொட்டு வைக்கிறல்லயே தம்பி," என்றார் ஸைனுலாப்தீன். "அப்ப நம்மட குருவி எது?"

"உங்கட குருவியள் கிண்ணியாவில நிக்கும்."

ஸைனுலாப்தீன் சிரித்தார். கோணாமலை சிரிக்கவில்லை, வெறும் நெற்றிக் குருவியின் காலைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தான். கோயிலில் காப்புக் கட்டினால் ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. நூல் கட்டினாலும் அப்படித்தான். ஆணுக்கு இடப்பக்கத்தில் காப்புப் போடுவது என்று அவன் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் உயிரோடு விடப்போகிற ஒன்றுக்கு, ஆயுசு முழுக்கக் கிடக்கப்போகிற காப்பு. துரை போட்ட முதலாவது பொட்டு வைத்ததுதான், அதற்கு இடது சரி. மற்றது துரைக்குத் தெரிந்திருக்காது, பாவம். பிற தேசத்துப் பிள்ளை.

அவன் குருவியின் வலது காலில் வளையத்தை வைத்து நெரித்தான்.

"மூண்டாம் இலக்கம், ஐயா."

நிழலில் இருந்த கிளாக்கர் தலை நிமிராமல் எழுதினார். இருபத்துமூன்றும் முடிந்தபோது பன்னிரண்டுக்கு வலக்கால், பதினொன்றுக்கு இடக்கால். ஒன்றும் சாகவில்லை. கோணாமலைக்கு அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது.

இரண்டாம் நாள் தோணியில் தம்பலகாமம் குடாவின் சேற்றுக்கரைக்குப் போனார்கள். கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதில் உள்ளான்கள் புழு பூச்சி பொறுக்கும். கரையோரம் பெண்கள் கரப்புக் குத்திக்கொண்டிருந்தார்கள். பிரம்பால் பின்னிய அந்த வாயகன்ற கூடையைச் சேற்றுத் தண்ணீரில் கவிழ்த்து, மேல் ஓட்டையால் கைவிட்டு இறாலும் மீனும் எடுப்பார்கள். அவர்களில் ஒருத்தி கோணாமலையின் மனைவி சிவபாக்கியம். அவளுடைய தாய்வீட்டுச் சனம் பதினேழு குடும்பம் அந்தச் சேற்றில்தான் சீவித்தது. கடல் மறிபட்ட பிறகு கோணாமலையின் குசினியில் கறி என்று ஒன்று வெந்தால் அதுவும் அந்தச் சேற்றிலிருந்துதான்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள், முழங்கால் சேற்றில் நின்றபடி. "வெள்ளைக்காரருக்குக் குருவிக்கறி விருப்பமோ?"

"பிடிச்சு விடுறம்."

"விடுறதுக்கு ஏன் பிடிக்கிறியள்?"

அவன் வலைக்கம்பைச் சேற்றில் ஊன்றினான். அன்றைக்குத் துரை பக்கத்தில் நின்றான். பொட்டு வைத்ததோ வைக்காததோ, எல்லாவற்றுக்கும் வலது கால் என்றான். நேற்று இடது, இன்றைக்கு வலது. ஏன் என்ற கேள்வி கோணாமலையின் தொண்டைவரை வந்தது. பீப்பாக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. அவன் விழுங்கிக்கொண்டான். நாளுக்கு ஒரு கால் அவர்களுடைய சமயத்து முறையாக இருக்கலாம் என்று நினைத்தான்.

மூன்றாம் நாள் அளவும் நிறையும். செட்டையை மடித்து அடிமட்டத்தில் வைத்து அளப்பது, கடுதாசிச் சுருளுக்குள் குருவியைத் தலைகீழாக விட்டு, கடிதம் நிறுக்கும் தராசில் வைப்பது. சுருளுக்குள் போனதும் குருவி அசையாமல் கிடந்தது. இரண்டு மூன்று கடிதத்தின் பாரமே உள்ள அது எப்படி முட்டைக்குள்ளிருந்து வந்து, எப்படிக் கடலைத் தாண்டும் அல்லது தாண்டாது, எவ்வளவு காலம் இருக்கும்? கேள்விகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கிளாக்கருக்குக் கை உளைந்தபோது துரை கொப்பியைக் கோணாமலையிடம் நீட்டினான். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வரி இலக்கம் எழுதினான். துரை பார்த்துத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

நாலாம் நாள் துரை ஒரு தூரக்கண்ணாடியோடு மண்மூட்டை அடுக்கிய காவலரணின் பின்னால் படுத்தான். விமானம் ஓடும் நேரத்தில் ஓடுபாதைப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது. துரைக்கும் அதே சட்டம். கண்ணாடியை மாறி மாறிக் கொடுத்து, நிற்கிற குருவிகளின் கால்களைப் பார்க்கச் சொன்னான். கோணாமலை கண்ணை வைத்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். குருவி மூக்குக்கு முன்னால் நின்றது. மறுபடி வைத்தான். வளையம் வெயிலில் மினுங்கியது. அவன் போட்டது. தன் கைவேலை உயிரோடு ஓடித் திரிவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். ஸைனுலாப்தீன் கண்ணாடியைப் பிடுங்கினார்.

மத்தியானம் துரை எண்ணிக்கையைக் கூட்டினான். முகம் வாடிப்போயிற்று. கிளாக்கரிடம் நீளமாகப் பேசினான்.

"வலது கால் வளையம் ஒன்பது இந்த ஓடுபாதையில நிக்குதாம்," என்றார் கனகரத்தினம். "வலது கால் எண்டால் குடாவில பிடிச்சது. இடது கால் எண்டால் இஞ்ச பிடிச்சது. தூரத்தில இலக்கம் வாசிக்க ஏலாது, கால் தெரியும். அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. அப்ப குடாச் சேற்றில தின்னுற குருவியள்தான் இஞ்ச வந்து விழுதெண்டு ஆச்சு."

"ஆச்செண்டால்?" என்றார் ஸைனுலாப்தீன்.

"சேற்றில தீன் இல்லாமல் பண்ணவேணும். மலேரியா நுளம்புக்கு ஊத்துற மாதிரிக் கழிவெண்ணெய் ஊத்துவினம். நாளைக்குப் பத்து மணிக்கு அறிக்கை மேலிடத்துக்குப் போகுது. துரைக்கு விருப்பமில்லை. ஆனால் கண்டதை எழுதத்தானே வேணும்."

கோணாமலை தன் கைகளைப் பார்த்தான்.

திரும்பி நடக்கும்போது ஸைனுலாப்தீன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் வலையில நிண்ட நான். நீ எந்தக் கால்ல போட்ட எண்டு நான் பாக்கல்ல."

"பார்த்தனீங்கள், காக்கா."

"பாத்தன் எண்டால் ரெண்டு பேருக்கும் வேல போகும். அதுக்குச் சொன்ன நான்." கொஞ்சத் தூரம் போய்த் தானாகவே சொன்னார்: "இறாலும் போகும்தான்."

வீட்டில் சிவபாக்கியம் இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். காப்பு, பொட்டு, வலக்கால், எண்ணெய். அவள் கை நின்றுபோனது.

"உங்களை ஆர் குருவிக்குக் காப்புக் கட்டச் சொன்னது?"

"நல்லதுக்குத்தான் செய்தனான்."

"போய்ச் சொல்லுங்கோ."

"பொய் சொல்றன் எண்டு நினைப்பினம். எண்ணெய்க் கதையைக் கேட்டபிறகு சொல்றான், பெண்சாதியின்ர சேற்றுக்காகச் சொல்றான் எண்டு நினைப்பினம்."

அவள் அதை யோசித்தாள். "குருவியில இலக்கம் இருக்கெல்லே? பிடிச்சுக் காட்டுங்கோ. மூண்டாம் இலக்கம் எங்க பிடிச்சதெண்டு கொப்பி சொல்லாதோ?"

சொல்லும். முதல்நாள் இருபத்துமூன்றுக்குள், எல்லாம் ஓடுபாதை. ஆனால் வளையம் போட்ட குருவி திரும்ப வலைக்குக் கிட்ட வருவதில்லை. மூன்று நாளாக ஒன்றுகூட இரண்டாம் முறை விழவில்லை. பத்து மணிக்குள் வலக்கால் குருவி ஒன்றை எங்கே போய்ப் பிடிப்பது? கோணாமலை சுவரில் சாய்ந்திருந்து கண்ணை மூடினான். மூடின கண்ணுக்குள் தூரக்கண்ணாடி வட்டம் வந்தது. வெறும் நெற்றிக் குருவி ஒன்று ஓடியது, நின்றது, வயிற்றைச் சரளையில் அழுத்தி அசைத்து அசைத்து உட்கார்ந்தது. வெயிலுக்குள், நிழல் ஒன்றும் இல்லாத இடத்தில். அப்போது அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்தான். களைத்தவன் உட்காருவான். குருவி ஏன் கொதிக்கிற சரளையில் போய் உட்காரவேண்டும்?

அவன் கண்ணைத் திறந்தான்.

"உன்ர கரப்பை நாளைக்குத் தா," என்றான்.

அடுத்த நாள் விடிந்ததும் கரப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவனைக் கண்டு கனகரத்தினம் கதிரையை மடக்காமலே எழும்பினார். கோணாமலை நேரே துரையின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். கிளாக்கர் பாதியில் நிறுத்தினார்.

"டேய், இதை நான் எப்பிடி இங்கிலீசில சொல்றது? நான் நிழலில இருந்ததும் சேர்ந்தெல்லே வருது."

"நிழலை விட்டுப்போட்டுச் சொல்லுங்கோ, ஐயா. கால் மாறினதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். எவ்வளவைச் சொன்னாரோ, துரையின் காது சிவந்தது. கொப்பியைத் திறந்தான், மூடினான். ஓடுபாதைக்கு விமானம் எட்டு மணிக்குத்தான் என்று மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, நட என்றான்.

சரளையில் கோணாமலை குனிந்தபடி நடந்தான். அந்தச் சிப்பி ஒவ்வொன்றும் அவன் தோளில் வந்தது. எங்கே கறுப்பு அதிகம், எங்கே பொடி என்று கால் அறியும். முன்னால் ஒரு குருவி செட்டை முறிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடியது. துரை அதன் பின்னால் போகப் பார்த்தான், கோணாமலை போகவில்லை. அது ஓடத் தொடங்கிய இடத்துக்குப் போய்க் குந்தினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிப்பித் துண்டுகளுக்குள் மூன்று சிப்பித் துண்டு மட்டும் உருண்டையாக இருந்தது. மண்ணிறம், கறுப்புக் கிறுக்கல். முட்டை.

துரை முழங்காலில் விழுந்தான். நேற்று முழுக்கக் கண்ணாடியால் பார்த்த இடத்தில் கூடு இருந்தது அவனுக்கும் தெரியவில்லை.

கரப்பை முட்டைக்கு மேல் கவிழ்த்து, ஒரு பக்கத்தை ஒரு சாண் குச்சியால் தாங்கி, குச்சியில் தூண்டில் நூலைக் கட்டி, மண்மூட்டைக்குப் பின்னால் வந்து நாலு பேரும் படுத்தார்கள். வெயில் ஏறியது. குருவி வந்தது, சுற்றியது, போனது. மறுபடி வந்தது. கனகரத்தினத்துக்குத் தும்மல் வந்தது. ஸைனுலாப்தீன் அவர் வாயைத் தன் சால்வையால் பொத்தினார். குருவி குனிந்து உள்ளே போய், வயிற்றை அசைத்து உட்கார்ந்தது. கோணாமலை நூலை இழுத்தான்.

மேல் ஓட்டையால் கையை விட்டான். இந்த முறை தொட்டதுமே நெஞ்சுத் துடிப்புத் தெரிந்தது. வெளியே எடுத்தபோது வலக்காலில் வளையம் இருந்தது. தானே வாசிக்க வேண்டும் என்று ஒருவரிடமும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு வாசித்தான்.

"பதினேழு."

துரை கொப்பியின் முதல் பக்கத்தில் விரலை ஓட்டினான். பதினேழு: ஓடுபாதை, முதல்நாள். கிளாக்கரின் அழகான எழுத்து. எட்டு மணிக்குள் இன்னொரு கூட்டிலும் பிடித்தார்கள். அதுவும் வலக்கால், வெறும் நெற்றி. இலக்கம் ஒன்பது.

துரை இரண்டு இலக்கத்தின் கீழும் கோடு கீறினான். பிறகு கிளாக்கரைப் பார்த்து வெறும் நெற்றிக்கு ஏன் வலக்கால் என்று கேட்டறிந்துவிட்டு, ஏதோ சொல்லத் தொடங்கிச் சிரித்தான். சிரித்து முடியாமல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"என்னவாம்?"

"நெற்றியில கறுப்பு இருக்கிறதுதான் ஆணாம்," என்றார் கனகரத்தினம். "நீ பெண்ணெண்டு காப்புக் கட்டினது முழுக்க ஆண். இதுகள் ரெண்டும் அடைகாக்கிற பெண்."

"பொட்டு வைச்சது ஆணோ?"

"ஓம்."

கோணாமலைக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் முன்னுக்கு வந்தது. நாலு நாளாகக் கேள்வியை விழுங்கிய வாயிலிருந்து இப்போது ஒன்று தானாக வந்துவிட்டது. "அப்ப ஆண் எங்க, ஐயா? இது தின்னப் போற நேரம் முட்டையை ஆர் பார்க்கிறது? கேளுங்கோ."

துரை தோளைக் குலுக்கினான். தனக்கும் தெரியாதாம், பார்த்தால்தான் தெரியுமாம்.

பத்து மணி அறிக்கையில் சேற்றின் பெயர் இல்லை. குருவிகள் எங்கேயிருந்தும் வரவில்லை, ஓடுபாதை ஓரத்துச் சிப்பிச்சரளையிலேயே முட்டையிடுகின்றன. சரளையை அள்ளிவிட்டுக் களிமண் போட்டால் போய்விடும் என்று இருந்தது. யார் எந்தக் காலில் வளையம் போட்டது என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைக் கிளாக்கர் மூன்று முறை வாசித்துப் பார்த்து மூச்சு விட்டார்.

களிமண்ணுக்கு ஆள் வேண்டியிருந்தது. சுமந்து பழகியவன் என்று கங்காணி கோணாமலையைத்தான் முதலில் கூப்பிட்டான். ஆறு மாதம் சுமந்து போட்டதை அவன் திரும்பச் சுமந்து அள்ளத் தொடங்கினான். கூடு இருந்த இடங்களைச் சுற்றி மட்டும் குஞ்சு பொரிக்கும்வரை விடும்படி துரை குச்சி நட்டுவைத்திருந்தான். பின்னேரம் நாலு மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தூரக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளக் கோணாமலைக்கு உத்தரவு இருந்தது.

மூன்றாம் பின்னேரம், பொழுது சாயும்போது, பதினேழாம் இலக்கம் முட்டையை விட்டு எழும்பியது. எங்கேயோ இருந்து இன்னொன்று வந்தது. நெற்றி தெரியவில்லை, இடக்காலில் மினுக்கம்: பொட்டு வைத்தது. வந்த கையோடு வயிற்றை அசைத்து உட்கார்ந்துகொண்டது. மற்றது குடாப் பக்கம் பறந்து போனது. கால் மாறியிருந்திராவிட்டால் இரண்டையும் அந்த மங்கலில் பிரித்திருக்க ஏலாது.

அவன் கொப்பியைத் திறந்து, மெல்ல மெல்ல, தமிழில் எழுதினான்: பகல் பெண். பின்னேரம் ஆண் வந்தது.

வீட்டுக்குப் போய்க் கரப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அதைச் சொன்னான். சிவபாக்கியம் கரப்பின் பிரம்பில் ஒட்டியிருந்த எச்சத்தைச் சுரண்டினாள். கால் இரண்டிலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"நல்ல குருவி," என்றாள். "அடுப்பில இறால் கிடக்குது, பின்னேரம்தானே, நீங்கள் இருந்து பாருங்கோ. நான் கால் கழுவிப்போட்டு வாறன்."